மூன்றாம் நாள் யார் வருகிறார்கள்?

பிரசவம் முடிந்து மூன்றாம் நாள். தாயும் பிள்ளையும் அரசு மருத்துவமனையிலிருந்து வீடு வந்தாயிற்று. ஒருநாள் கூலி போனால் உலை ஏறாது என்பதால் தகப்பன் பஞ்சாலைக்கோ கோழிப்பண்ணைக்கோ போய்விட்டார். பிள்ளை தூங்கிக்கொண்டே இருக்கிறது. "சமத்துப் பிள்ளை, அழுவதே இல்லை" என்கிறார் அப்பத்தா. நம் தெருக்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சுத்தான். ஆனால் பாலுக்குக்கூட விழிக்காமல் தூங்குவது சமத்து அல்ல. மஞ்சள் காமாலை மூளையைத் தொடத் தொடங்கியதன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் 100க்கு சுமார் 60 பேருக்கும், குறைமாதத்தில் பிறப்பவர்களில் சுமார் 80 பேருக்கும் காமாலை தோன்றுகிறது. ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதை வெளியேற்றும் திறன் பச்சிளம் கல்லீரலுக்கு வரச் சில நாட்கள் ஆகும். பெரும்பாலோருக்கு அது தானே வடிந்துவிடும். சிலருக்கு மட்டும் அளவு மீறும். நிறைமாதக் குழந்தைக்கு அது உச்சம் தொடுவது பெரும்பாலும் 3 முதல் 5ஆம் நாளுக்குள். அதாவது, மருத்துவர் கண்ணை விட்டுப் பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு.

அளவு மீறிய பிலிரூபின், உடல் அசைவை ஆளும் மூளைப் பகுதியிலும் செவி நரம்புப் பாதையிலும் படிகிறது. முதலில் சோர்வும் பால் குடிக்காமையும். பிறகு கீச்சென்ற அழுகை, முதுகு வில்லாக வளைதல், வலிப்பு. பிழைத்தாலும் காது கேளாமையும் கைகால் கட்டுக்குள் நில்லாத மூளை முடக்குவாதமும் ஆயுளுக்கும் நிற்கும். இவர்களில் பலருக்கு அறிவு தெளிவாகவே இருக்கும். நாக்கும் கையும்தான் ஒத்துழைக்காது. அந்தப் பிள்ளையை ஊர் 'மந்தம்' என்கிறது. ஒதுக்கப்பட்ட தெருவில் பிறந்த பிள்ளைக்கு இது இரண்டாவது ஒதுக்கல்.

இத்தனைக்கும் வைத்தியம் எளிது. 1956இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் வார்டு என்ற செவிலியர், வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் வெளுத்திருப்பதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததே நீல ஒளிச் சிகிச்சை. அப்படியானால் வாசலில் இளவெயில் காட்டினால் போதாதா? போதாது. அளவு ஏறிய பிள்ளைக்கு விளக்கொளி மணிக்கணக்கில் உடல் முழுதும் பட வேண்டும். அதற்கும் கட்டுப்படாவிட்டால் ரத்தத்தையே மாற்றுவார்கள். வெயிலை நம்பி இழக்கும் ஒவ்வொரு நாளும் மூளைக்கு இழப்பு.

இன்னொன்று, நிறம். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் கறுப்பு, மாநிறம். அந்தத் தோலில் மஞ்சள் எளிதில் தெரியாது. மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினால் சுத்தமாகத் தெரியாது. கறுத்த பிள்ளைகளின் காமாலையைக் கண்ணால் பார்த்துக் கண்டறிவதில் உள்ள குறையை, 2023இல் இங்கிலாந்தின் சுகாதாரத் துறை சார்ந்த ஆய்வறிக்கையே சுட்டியது. ஆகவே பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளை, ஈறு, உள்ளங்கை, உள்ளங்கால் பாருங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளித்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

சேனைத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பால் அடிக்கடி கொடுத்தால் பிலிரூபின் மலத்தோடு போகும். பாச்சை உருண்டை போட்டு வைத்த பெட்டியின் பழந்துணியில் பிள்ளையைச் சுற்ற வேண்டாம். பரம்பரையாக ஒருவகை நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அதுவே சிவப்பணுக்களைச் சிதைக்கும். தாயின் ரத்த வகை 'நெகட்டிவ்' அல்லது 'ஓ' என்றால் கூடுதல் கவனம் வேண்டும்.

இனி உரிமை பற்றி. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்கிறது தேசிய வழிகாட்டுதல். 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் பரிசோதனை, மருந்து, வாகனம் எல்லாம் இலவசம். ஊர்ப் பொதுவிடத்தில் நின்று "பிள்ளை நல்லா இருக்கா?" என்று கேட்டுப் போவது வீட்டு வருகை ஆகாது. அருந்ததியர் வளவுக்குள், வீட்டுக்குள் வந்து, பிள்ளையின் துணியை விலக்கிப் பார்ப்பதுதான் வருகை. வால்பாறை எஸ்டேட் லயத்திலிருந்து பொள்ளாச்சிக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். அங்கே அந்த மூன்றாம் நாள் வருகைதான் பிள்ளையின் காதும் கையும் காலும்.

படித்த பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறோம். அடுத்த கிராம சபையில் எழுந்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "எங்கள் தெருவில் இந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் எத்தனை? மூன்றாம் நாள் வீட்டுக்குள் வந்து பார்த்தது எத்தனை?" பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கோயில் நுழைவைப் போல, தேநீர்க் கடைக் குவளையைப் போல, இதுவும் நமக்குச் சமத்துவப் பிரச்சினைதான்.