கைக்குள் அடங்கும் நாய்க்குட்டி: ஒருவேளை தீனி தவறினாலும் உயிருக்கு ஆபத்து!

சென்னையில் குட்டி நாய் மோகம் சின்னச் சின்ன வீடுகளையும் விடவில்லை. ‘டீ கப்’ நாய் என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையில் அப்படி ஒரு இனமே கிடையாது. சிவாவா, பொமரேனியன் இனங்களில் அளவுக்கு மீறி சிறுத்துப்போன குட்டிக்கு வைத்த வியாபாரப் பேர் அது. சில நேரம் பால்குடி மறக்காத குட்டியும் அந்தப் பேரில் கைமாறுகிறது.

8 வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது. வாங்குறவங்க வயசை கேட்டால்தானே!

வீட்டுக்கு வந்த ஓரிரு நாளில் குட்டி தள்ளாடும், சுருண்டு படுக்கும். ‘தூங்குது, விடு’ என்பார்கள். அது தூக்கம் இல்லை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. அடுத்து வலிப்புதான். இத்தனூண்டு உடம்பில் சேமிப்பு ஏது? 3, 4 மணி நேரத்துக்கு ஒருதரம் கொஞ்சமாவது ஊட்டியாக வேண்டும். தள்ளாடினால் ஈறில் தேன் தடவிவிட்டு, உடனே கால்நடை டாக்டரிடம் ஓட வேண்டும். கழுத்துப்பட்டையும் ஆகாது, மூச்சுக்குழாய் நசுங்கும். மார்புப்பட்டைதான் சரி.

‘வெளியே போகாத நாய்க்கு வெறிநாய் ஊசி எதுக்கு?’ என்று கேட்பவர்களும் உண்டு. சின்னப் பல் பட்டாலும் ரேபிஸ் ரேபிஸ்தான். 3-வது மாதம் முதல் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் கெடுவில் தவறாமல் போட வேண்டும்.

மாநகராட்சி 2025-ல் லைசென்சு, மைக்ரோசிப் கட்டாயம் என்றது. இல்லாவிட்டால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம். கட்டணமோ வெறும் 50 ரூபாய். அதற்கே கெடு தள்ளித் தள்ளிப் போனது.