டூலிட்டில் தாக்குதல்: வெற்றிக் கணக்கில் சேர்க்கப்படாத சீனர்கள்

போர் வரலாற்றின் சில நிகழ்வுகளை எவரும் ஆராய்வதில்லை. கொண்டாடுவதோடு நிறுத்திக் கொள்கின்றனர். 1942 ஏப்ரல் 18 ஆம் திகதி 'ஹோர்னெட்' என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து புறப்பட்ட 16 பி-25 ரகக் குண்டுவீச்சு விமானங்கள், ரோக்கியோ மீதும் வேறு சில யப்பானிய நகரங்கள் மீதும் நடத்திய திடீர்த் தாக்குதல் அத்தகைய ஒன்று. 2001 இல் வெளியான 'பேர்ள் ஹாபர்' திரைப்படம், அவமானத்தில் தொடங்கிய கதையை வெற்றியில் முடிப்பதற்கு இத்தாக்குதலையே துணைக்கு அழைத்தது. 'பதினாறு விமானங்கள் பசுபிக் போரின் போக்கையே மாற்றிவிட்டன' என்ற வாசகம் இன்றும் சலிப்பின்றி எழுதப்படுகிறது. இது பாதி உண்மை. மறு பாதியை மறைப்பதனால் முழுப் பொய்யை விடவும் ஆபத்தானது.

தாக்குதலில் பங்குபற்றிய 80 விமானப் படையினரின் துணிச்சலை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. தரையில் இருந்து புறப்படுவதற்கென வடிவமைக்கப்பட்ட விமானங்களைக் கப்பலின் குறுகிய மேற்தளத்தில் இருந்து கிளப்பினார்கள். மீண்டும் கப்பலில் இறங்க வழியில்லை. குண்டுகளை வீசிய பின்னர் சீனாவின் விமானத்தளங்களுக்குச் செல்வதே திட்டம். யப்பானியக் காவற்படகு ஒன்று கப்பற்படையைக் கண்டுவிட்டதால், கரையில் இருந்து சுமார் 650 கடல் மைல் தொலைவில், திட்டமிட்டதற்குப் பல மணி நேரம் முன்னதாகவே புறப்பட நேர்ந்தது.

விளைவு? யப்பானில் ஏறத்தாழ 50 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் ஒரு பாடசாலை மாணவனும் அடக்கம். போர் உற்பத்திக்கு ஏற்பட்ட சேதம் அற்பமானது. விமானங்களில் ஒன்று சோவியத் மண்ணில் இறங்கியது; ஏனைய 15 உம் சீனாவிலும் அதன் கரையோரத்திலும் விழுந்து அழிந்தன. யப்பானியரிடம் சிக்கிய எண்மரில் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒருவர் சிறையில் மாண்டார். விமானங்கள் அனைத்தையும் இழந்தமைக்காக இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்படுவோம் என்றே தலைமை தாங்கிய ஜேம்ஸ் டூலிட்டில் எண்ணியிருந்தார். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டோ அவருக்கு நாட்டின் அதியுயர் வீரப் பதக்கத்தை அணிவித்தார்.

சேதம் அற்பம் என்பதைத் தாக்குதலின் புகழ் பாடுவோரும் மறுப்பதில்லை. அவர்களது வாதம் வேறு. தலைநகர் தாக்கப்பட்ட அவமானத்தில் யப்பான் நிலைகுலைந்து, மிட்வே தீவை நோக்கி அவசரமாகப் படையெடுத்து, 1942 யூன் மாதத்தில் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது என்பதே அது. கேட்பதற்கு அழகான வாதம். ஆனால் திகதிகள் அதற்கு ஒத்துழைக்க மறுக்கின்றன.

மிட்வே திட்டம் அட்மிரல் யமமோட்டோவின் திட்டம். அவுஸ்திரேலியாவுக்கான கடற்பாதையைத் துண்டிக்கும் நோக்கில் பிஜி, சமோவா தீவுகளை நாடவே கடற்படைத் தலைமையகம் விரும்பியது. இந்த இழுபறியில் தலைமையகம் யமமோட்டோவுக்கு இணங்கியது ஏப்ரல் 5 ஆம் திகதி. அதாவது டூலிட்டில் வருவதற்குப் பதின்மூன்று நாட்கள் முன்னதாக. அதே தினம், உயிர்த்த ஞாயிறன்று, நகுமோவின் விமானங்கள் கொழும்பின் மீது குண்டு வீசிக் கொண்டிருந்தன என்பதை இலங்கை வாசகர்கள் நினைவிற்கொள்ளலாம். கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களில் மூன்று, அக்காகி, சோரியு, ஹிரியு ஆகியன, இரண்டு மாதங்களில் மிட்வேயில் மூழ்கின.

அப்படியாயின் ரோக்கியோத் தாக்குதல் எதனைச் சாதித்தது? எஞ்சியிருந்த எதிர்ப்பை அடக்கியது. தயக்கம் காட்டிய தரைப்படையையும் திட்டத்துக்குள் இழுத்து வந்தது. ஏற்கனவே எடுக்கப்பட்ட முடிவு உறுதிப்பட்டது. அவ்வளவே. மிட்வேயில் அமெரிக்கா வென்றதற்கு யப்பானியக் கடற்படையின் இரகசியக் குறியீடுகளை உடைத்தவர்களே பெரிதும் காரணம். ஏப்ரலில் விமானங்களை அனுப்பியவர்கள் யூனில் எதிரி இழைக்கப்போகும் தவறை முன்கூட்டியே கணித்திருக்கவில்லை. நடந்து முடிந்ததைப் பின்னோக்கிப் பார்த்து, தற்செயலை மதிநுட்பம் என்று பெயர் சூட்டுவது மூலோபாய ஆய்வாகாது.

இன்னொன்றும் உண்டு. பசுபிக்கில் அமெரிக்கா வைத்திருந்த சொற்ப விமானந்தாங்கிக் கப்பல்களில் ஹோர்னெட்டும் எண்டர்பிரைசும் இப்பணியில் ஈடுபடுத்தப்பட்டதால், மே மாதத்தில் நடந்த பவளக் கடற் சமருக்கு அவை உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. அச்சமரில் அமெரிக்கா 'லெக்சிங்டன்' கப்பலை இழந்தது. பாராட்டுரைகளில் இந்தச் செலவுக்கு இடமில்லை.

ஆனால் உண்மையான விலையைச் செலுத்தியவர்கள் அமெரிக்கருமல்லர், யப்பானியருமல்லர். விமானங்கள் தமது மண்ணை நாடி வந்தால் யப்பானியர் பழிவாங்குவர் என்று சியாங் கை ஷேக் அஞ்சினார், தாமதிக்கவும் வேண்டினார். அவருக்கு முழு விபரமும் தெரிவிக்கப்படாமலேயே தாக்குதல் நடந்தேறியது. அவர் அஞ்சியதே நிகழ்ந்தது. மே மாத நடுப்பகுதியில் இருந்து செப்டெம்பர் வரை ஷெஜியாங், ஜியாங்சி மாகாணங்களில் யப்பானியப் படைகள் விமானத்தளங்களை அழித்தன, ஊர்களைக் கொளுத்தின, விமானிகளுக்குச் சோறும் உடையும் கொடுத்துக் காப்பாற்றிய கிராமத்தவர்களைத் தேடிக் கொன்றன. பின்வாங்கிய போது, 731 ஆம் படைப்பிரிவினர் கிணறுகளிலும் வயல்களிலும் நோய்க்கிருமிகளைப் பரப்பினர். கொல்லப்பட்ட பொதுமக்கள் தொகை சீனத் தரப்பின் மதிப்பீட்டின்படி 250,000. துல்லியமான எண்ணிக்கை பற்றி விவாதிக்கலாம். பேரழிவு பற்றி விவாதத்துக்கு இடமில்லை.

'கொன்றது யப்பானிய இராணுவம். பழியும் அதற்கே உரியது' என்று பதில் கூறுவார்கள். கொலைக் குற்றம் அவ்விராணுவத்துக்கே உரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் 1937 முதல் சீனாவில் அந்த இராணுவம் எப்படி நடந்து கொண்டது என்பது வாஷிங்டன் அறியாத சங்கதியா? நாஞ்சிங் படுகொலை நடந்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. பழிவாங்கல் எவர் தலையில் விழும் என்பதை அறிந்திருந்தும், அந்த மக்களைக் கேளாமல் அவர்களது மண்ணைத் தாக்குதலின் இறுதித் தரிப்பிடமாக்கியவர்கள், விளைவுகளின் கணக்கில் இருந்து தப்பிவிட முடியாது. சொந்த நாட்டு மக்களின் மனோதிடத்தை உயர்த்துவது போர்க்கால அரசொன்றுக்கு நியாயமான தேவை என்பதை ஏற்கலாம். அத்தேவைக்கான விலையை வேறொரு நாட்டின் விவசாயிகளிடம் அறவிடுவதை எப்படி ஏற்பது?

80 விமானப் படையினருக்கும் பெயர் பொறித்த 80 வெள்ளிக் கிண்ணங்கள் இருந்தன. ஒருவர் மறைந்ததும் அவரது கிண்ணம் கவிழ்த்து வைக்கப்படும். கடைசியாக எஞ்சியிருந்த ரிச்சர்ட் கோல் 2019 இல் தமது 103 ஆவது வயதில் மறைந்தார். அந்த மரியாதை அவர்களுக்குத் தகும். ஆனால் அவர்களுக்காக மாண்ட சீனக் கிராமத்தவர்களுக்குக் கிண்ணமும் இல்லை, பெயரும் இல்லை. அவர்களையும் எண்ணிய பின்னர், 'போரின் போக்கை மாற்றிய தாக்குதல்' என்று எழுத விரும்புவோர் எழுதட்டும். அதுவரை அதனை வரலாறு என்று அழைக்க வேண்டாம். வெற்றி பெற்றவர்களின் விளம்பரம் என்று அழைப்பதே பொருத்தம்.