ஒரு தறிக்கு எத்தனை பேர்?

பட்டு என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது காஞ்சிபுரம்தான். அதற்கு அடுத்த இடம் எங்கள் ஆரணிக்கு. புவிசார் குறியீடு கூட வாங்கியிருக்கிறோம். அரிசியும் பட்டும் இல்லையென்றால் ஆரணி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்!

இப்போது கைத்தறியைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் "நீடித்த வளர்ச்சி" என்கிறார்கள். சாயக் கழிவை விட்டுவிட்டுப் பார்த்தால் அது சரிதான். தறிக்கு மின்சாரம் வேண்டாம், புகை கிடையாது, வேலை வீட்டிலேயே. ஆனால் 2015-ல் ஐ.நா. அறிவித்த 17 வளர்ச்சி இலக்குகளில் ஐந்தாவது பாலினச் சமத்துவம். அதை யாரும் தறி வீட்டுக்குள் கொண்டுவந்து பார்ப்பதில்லை.

ஒரு புடவை எப்படி உருவாகிறது? நெய்பவர் தறியில் உட்காருவதற்கு முன்பே பாதி வேலை நடந்துவிடுகிறது. சிட்டத்தில் இருக்கும் பட்டு நூலைப் பிரித்துச் சுற்ற வேண்டும். ஊடைக்குத் தார் சுற்ற வேண்டும். புதுப் பாவு வந்தால் பழைய பாவோடு ஒவ்வொரு இழையாகப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள்! இந்த வேலைகளில் பெரும்பகுதி அம்மா, மனைவி, மகள், பாட்டி செய்வது. பல வீடுகளில் பெண்களே தறியிலும் உட்காருகிறார்கள்.

கூலி? அது புடவைக் கணக்கு. தறி யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையில் போகும். பெரும்பாலும் அது ஆண் பெயர். மற்றவர்கள் செய்தது "கூடமாட ஒத்தாசை".

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் சுமார் 35 லட்சம் பேர். அதில் 72 சதவீதம் பெண்கள். அசாம் போன்ற வடகிழக்கு மாநிலங்களில் தறியில் உட்காருவதே பெண்கள்தான் என்பது இதற்கு முக்கியக் காரணம். ஆக, டெல்லியில் உள்ள கணக்கில் பெண் இருக்கிறாள். நம் தெருவில் உள்ள கூலிச் சீட்டில்தான் இல்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். பூமியின் வடகோடியில், நார்வே நாட்டில், சாமி என்ற பழங்குடி மக்கள் கலைமான் மேய்க்கிறார்கள். அதுவும் குடும்பமே சேர்ந்து செய்கிற தொழில். 1978-ல் வந்த சட்டம் ஒவ்வொரு மந்தைத் தொழிலுக்கும் பொறுப்பாளராக ஒரு பெயரைக் கேட்டது. எழுதப்பட்டது பெரும்பாலும் கணவன் பெயர். கூடவே உழைத்த மனைவி காகிதத்தில் காணாமல் போனாள். கணவனும் மனைவியும் சேர்ந்தே பொறுப்பில் இருக்கலாம் என்று பிறகுதான் சட்டத்தைத் திருத்தினார்கள். இன்று அந்த வடகோடி ஊர்களின் பெரிய கவலை, படித்த இளம்பெண்கள் ஊரை விட்டுப் போவது.

இங்கேயும் அதேதான் நடக்கிறது. செய்யாறு சிப்காட்டில் காலணி தைக்கப் போகும் பெண்ணுக்கு மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, தன் பெயரில் வங்கிக் கணக்கு. அங்கேயும் கஷ்டம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் உழைப்புக்கு ஒரு பெயர் இருக்கிறது. வீட்டில் தார் சுற்றும் அவள் அம்மாவுக்கு அது இல்லை. பிறகு ஏன் மகள் தறிக்குத் திரும்பி வரப்போகிறாள்?

"பணம் ஒரே வீட்டுக்குத்தானே வருகிறது, யார் பெயரில் இருந்தால் என்ன?" என்று கேட்கலாம். கணவர் படுத்துவிட்டால் அல்லது இறந்துவிட்டால்தான் வித்தியாசம் தெரியும். முப்பது வருஷம் பட்டு நூலோடு வாழ்ந்தவள், கடனுக்கோ ஓய்வூதியத்துக்கோ போய் நிற்கும்போது, தானும் நெசவாளிதான் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருக்காது.

"கூலியே போதவில்லை, அதில் எதைப் பிரிப்பது?" இந்தக் கேள்வி நியாயமானது. அதே கணக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு நெசவாளர் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. ஆனால் யோசித்துப் பாருங்கள். கூலி குறைவாக இருப்பதற்கு ஒரு காரணமே, பாதி உழைப்பு இலவசமாகப் போவதுதானே? ஒரு புடவைக்குப் பின்னால் மூன்று பேர் உழைப்பு இருக்க, ஒருவர் பெயரில் பேரம் பேசினால் எப்படிக் கட்டுபடியாகும்?

2023-ல் மகளிர் உரிமைத் தொகை வந்தபோது, வீட்டு வேலைக்கும் மதிப்பு உண்டு என்று அரசே ஒப்புக்கொண்டது. சோறு ஆக்குவதற்கே மதிப்பு உண்டென்றால், விற்பனைக்குப் போகும் புடவைக்கு நூல் சுற்றுவதற்கு இல்லையா?

நான் கேட்பது இரண்டே விஷயம். கூலிச் சீட்டில் நூல் சுற்றுவது, தார் சுற்றுவது, பாவு பிணைப்பதற்குத் தனி வரி போடுங்கள். அந்தத் தொகை செய்தவர் கணக்கிலேயே போகட்டும். சங்கமோ முதலாளியோ, தறிக் கணக்கில் கணவன், மனைவி இருவர் பெயரையும் எழுதுங்கள்.

இதற்குப் புதுத் தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். ஒரு பேனா போதும். இதைக்கூடச் செய்யாமல் "பாரம்பரியம் அழிகிறதே" என்று புலம்புவதில் பிரயோஜனம் இல்லை நண்பர்களே.