ஏலாக்குறிச்சிக்குப் போகிறோம், ஏட்டைத் திறந்தோமா?

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்திற்கு அண்மையில் அமைந்துள்ளது ஏலாக்குறிச்சி. அடைக்கல மாதாவின் திருத்தலம். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின் இறைமக்கள் வேன் பிடித்தும் நடந்தும் அங்கே செல்கிறார்கள். மெழுகுதிரி ஏற்றுகிறோம்; செபமாலை வாங்குகிறோம்; நேர்ச்சை செலுத்துகிறோம். நன்று. ஆனால் அவ்வூரைத் திருக்காவலூர் என்று போற்றிக் கலம்பகம் பாடிய வீரமாமுனிவரின் நூல் ஒன்றையேனும் படித்தவர் நம்முள் எத்தனை பேர்?

குற்றத்தை முதலில் நம் மீதே சுமத்திக்கொள்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இந்து மாணவி, கல்லூரித் தேர்வுக்காகத் தேம்பாவணிச் செய்யுள் ஒன்றுக்குப் பொருள் கேட்டு நம் பங்கு இல்லத்திற்கு வந்தார். "ஃபாதர், இது உங்கள் காப்பியம்தானே?" என்றார். நாம் விழித்தோம். குருமடத்தில் அக்குவினா தோமையாரைக் கற்றோம், தேம்பாவணியை விழா மறையுரைகளில் பெயரளவில் புகழ்ந்தோம், விரித்துப் படித்ததில்லை. அன்று அம்மாணவியின் உரைநூலை வாங்கித்தான் அச்செய்யுளின் பொருளை அறிந்தோம். அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

1680-இல் இத்தாலியில் பிறந்தவர் வீரமாமுனிவர். வளர்ந்த பருவத்தில் நம் நாட்டுக்கு வந்து தமிழைக் கற்றவர், மூன்று காண்டங்களிலும் 36 படலங்களிலுமாக 3,615 பாடல்களில் சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கினார். 'வளன்' என்று அவருக்குத் தமிழ்ப்பெயர் சூட்டினார். யூதேயாவை வருணிக்கப் புகுந்தவர், தமிழ்க் காப்பிய மரபுப்படி நாட்டுப் படலமும் நகரப் படலமும் பாடினார். மக்களின் கவிதையை அறியாதவன் அவர்களின் உள்ளத்தை அறியான் என்பதை அவர் வாழ்க்கையே காட்டுகிறது. ஏலாக்குறிச்சி என்னும் பெயரின் முதலெழுத்தைப் பாருங்கள். எகரத்தையும் ஏகாரத்தையும் இன்று நாம் வேறுபடுத்தி எழுதும் முறை அவர் செய்த திருத்தத்தின் பயன். அவருக்குக் கடன்படாமல் அவ்வூரின் பெயரைக்கூட எழுத முடியாத நாம், அவர் நூலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க மறுக்கிறோம்!

"கடினமான தமிழ், சாமி" என்பர் சிலர். உரைநூல்கள் எதற்கு இருக்கின்றன? செய்யுள் கடினமெனில், வேதியர்களுக்காக அவர் உரைநடையில் எழுதிய 'வேதியர் ஒழுக்கம்' இருக்கிறது. குழந்தைகளுக்குப் பரமார்த்த குருவின் கதை இருக்கிறது. "நேரமில்லை" என்பர் வேறு சிலர். ஞாயிறு பிற்பகலில் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் கிடைக்கும் நேரம் நூலுக்கு மட்டும் கிடைக்காதோ? "விவிலியம் போதாதா?" என்பர் பக்தியுள்ளோர். அவ்விவிலியத்திலேயே 150 திருப்பாடல்கள் உள்ளனவே, அவை கவிதையன்றி வேறென்ன? ஆண்டவர் இறையாட்சியை உவமைக் கதைகளால் அன்றோ விளக்கினார்? இலக்கியமும் கலைகளும் திருச்சபை வாழ்வுக்கு மிகவும் முக்கியமானவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் உரைத்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024-இல் இலக்கிய வாசிப்பைப் பற்றி ஒரு மடலே வரைந்தார். குருக்களின் உருவாக்கத்தை மனத்திற்கொண்டு தொடங்கியவர், பின்னர் இது கிறிஸ்தவர் அனைவருக்கும் உரியது என விரித்தார். விடுமுறை நாளின் சோர்வில் கிட்டும் நல்ல நூல் பாலைவனச் சோலை போன்றது என்பது அவர் கருத்து.

படிக்காத பக்திக்கு நேர்வது என்ன? அது கேட்பதற்கு மட்டும் பழகுகிறது. தன் நம்பிக்கையைத் தன் மொழியில் சொல்லத் தெரியாமல் நிற்கிறது. பிள்ளைகள் "ஏன்?" என்று வினவும்போது பெற்றோர் வாயடைத்துப் போவதற்கும், மாணவி முன் நாம் வாயடைத்து நின்றதற்கும் காரணம் ஒன்றே.

ஆகவே அன்பர்களே, பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஒவ்வோர் அன்பியமும் உரையுடன் கூடிய ஒரு தேம்பாவணியை வாங்கட்டும். ஞாயிறுதோறும் பிற்பகலில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்கட்டும். நாளொன்றுக்குப் பத்துப் பாடல் போதும். திருவிழாக் கடைகளில் மெழுகுதிரிக்கு அருகே நூல்களுக்கும் ஓர் இடம் தருவோம். பங்குத் தந்தையர் முதலில் படிப்போம். பிறகு மறையுரையில் புகழ்வோம்.

அடுத்த முறை ஏலாக்குறிச்சிக்குப் புறப்படுமுன் ஒரு படலத்தையேனும் படித்துவிட்டுச் செல்லுங்கள். நாமும் படித்துவிட்டே வருகிறோம்.