அட்டையில் 125, உள்ளே 253

இன்டெல்லின் கோர் ஐ9-14900கே பிராசஸருக்கு இரண்டு வாட் கணக்கு உண்டு. அடிப்படை 125, உச்சம் 253. முதல் எண்ணைப் பார்த்துக் கூலர் வாங்குகிறோம். பளு ஏறியதும் சிப் இரண்டாவது எண்ணுக்குப் போய் நிற்கிறது. ஏஎம்டியும் சளைத்ததல்ல. 170 வாட் என்று போட்டு விற்ற ரைசன் 9 7950எக்ஸ், 230 வாட் வரை இழுக்கும். டிடிபி என்று போட்டிருக்கும் இந்த வாட் எண், கூலர் செய்கிறவருக்குச் சொன்ன குறிப்பு. அதை வைத்துக் கரன்ட் பில் கணக்குப் போட முடியாது.

253 வாட் என்றால் மூன்று சீலிங் ஃபேன் இழுக்கிற மின்சாரம். அவ்வளவும் சுமார் இரண்டரைச் சதுர சென்டிமீட்டர் சிலிக்கானுக்குள் சூடாக மாறுகிறது. சிப்புக்குப் போகும் வோல்டேஜ் ஒன்றே கால், ஒன்றரைக்குள்தான். ஆகவே கரன்ட் ஏறத்தாழ 200 ஆம்பியர். ஏசிக்குப் போட்டிருக்கும் பவர் பிளக் 16 ஆம்பியர்தான் தாங்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், இந்த மின்சாரத்தில் பெரும்பங்கு கடைசித் துளி வேகத்துக்காகச் செலவாகிறது. மின்செலவு வேகத்தோடு நேராக ஏறும். வோல்டேஜோடு வர்க்கமாக ஏறும். வேகத்தைக் கூட்ட வோல்டேஜையும் கூட்டியாக வேண்டும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் செலவு 33 சதவீதம் ஏறிவிடும்.

இந்தப் பாடத்தை இன்டெல் ஒரு முறை படித்துத் தேறியிருந்தது. 2004-ல் வந்த பிரெஸ்காட் பெண்டியம் 4 சிப்புகள் 115 வாட் வரை போய், சூட்டுக்குப் பேர் வாங்கின. அடுத்து வரவிருந்த தேஜாஸை அந்த ஆண்டே கைவிட்டார்கள். லேப்டாப்புக்காக இஸ்ரேல் குழு செய்த சிக்கன வடிவமைப்பின் வழியில் 2006-ல் கோர் 2 டுவோ வந்தது. 65 வாட்டில் பழையதை ஓரங்கட்டியது. பிறகு ஏஎம்டியோடு போட்டி முற்ற, வாட் மறுபடி ஏறியது. 2024-ல் 13, 14-ஆம் தலைமுறை சிப்புகள் காரணம் தெரியாமல் தடுமாறி நின்றன. சிப் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தன்னையே கெடுத்துக்கொள்கிறது என்று இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்ட்டில் மைக்ரோகோட் திருத்தம் தந்தது. வாரன்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. மதர்போர்டுக்காரர்கள் மின் வரம்பைத் தாராளமாகத் திறந்துவிட்டதும் சேர்ந்துகொண்டது.

நம் ஊர் வெயிலுக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. யூடியூபில் கூலர் சோதிக்கிறவர்களின் அறை பெரும்பாலும் 21, 22 டிகிரி. கூலர் எதுவும் சிப்பை அறைச் சூட்டுக்குக் கீழே இறக்காது. அதற்கு மேல் எத்தனை டிகிரியில் நிறுத்துகிறது என்பதுதான் அதன் சாமர்த்தியம். 60 டிகிரி மேலே நிறுத்துகிற கூலர் என்றால், அங்கே 82. மே மாதம் வேலூரில் ஏசி இல்லாத மாடி அறை 38 என்றால் 98. நூறைத் தொட்டால் ஐ9 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் சித்திரை பிறந்ததும் காணாமல் போகும்.

வாட்டர் கூலிங் போட்டுவிடலாமே என்பார்கள். தண்ணீர் சூட்டைச் சுமந்து போய் ரேடியேட்டரில் இறக்கும், ரேடியேட்டர் அறையில் இறக்கும். அதை வெளியேற்ற ஏசி, ஏசிக்குத் தனி மின்சாரம். முழுக் கம்ப்யூட்டரும் 400 வாட் இழுத்துத் தினம் ஐந்து மணி நேரம் ரெண்டர் செய்தால் இரண்டு யூனிட். இரண்டு மாதத்தில் 120. தமிழ்நாட்டில் வீட்டுக்குத் தரும் இலவச யூனிட்டில் பெரும்பங்கு அதிலேயே போச்சு.

என் அக்கா மகன் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். "மாமா, ஐ9 போட்டா ரெண்டர் சீக்கிரம் முடியும்ல?" என்று வந்தான். "முடியும்டா, ரூம்ல உன்னால உக்கார முடியாது" என்றேன். முதலில் அவனுடைய பழைய கம்ப்யூட்டரைத் திறந்தோம். கூலர் ஃபேனைக் கழற்றினால் கீழே அலுமினியத் தகடுகளே தெரியவில்லை, அவ்வளவு தூசி. தெர்மல் பேஸ்ட் காய்ந்து உதிர்ந்தது. பிரஷ்ஷால் தட்டி, பழையதைத் துடைத்துப் புதுப் பேஸ்ட் பட்டாணியளவு வைத்து மாட்டியதும், ரெண்டரில் 92-ல் நின்றது 74-க்கு இறங்கியது. புதுச் சிப்பே தேவையில்லை என்று நான் நினைத்தேன், அவன் நினைக்கவில்லை.

கடைசியில் ரைசன் 7 7700 வாங்கினான். அதன் அண்ணன் 7700எக்ஸுக்கும் அதே எட்டு கோர்தான். அண்ணனின் உச்ச வேகம் 5.4 கிகாஹெர்ட்ஸ், தம்பிக்கு 5.3. அண்ணன் 142 வாட் வரை போவான், தம்பி 88-ல் நிறுத்திக்கொள்வான். தம்பிக்குக் கூலரையும் பெட்டியிலேயே போட்டுத் தருகிறார்கள். ஏற்கெனவே பெரிய சிப் வாங்கிவிட்டவர்கள் பயாஸில் போய் மின் வரம்பைக் குறைத்து வைக்கலாம். வாட் பாதியானால் வேகம் பாதியாகாது.

கேபினட்டை மட்டும் அவன் இஷ்டத்துக்கு விட்டேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு. "காத்து எந்தப் பக்கம்டா உள்ள வரும்?" என்று கேட்டேன்.

"பின்னாடிதான் ஃபேன் இருக்கே மாமா."

பின்னால் இருப்பது வெளியே தள்ளுகிற ஃபேன்.