கற்றுத் தேர்ந்தால் சூது அறமாகுமா?

போக்கர் என்னும் சீட்டாட்டத்தைப் பற்றி இவ்வேட்டில் எழுத வேண்டிய நிலை வந்தது குறித்து வாசகர் சிலர் வியக்கலாம். ஆனால் சீட்டுக்கட்டு இன்று சாவடியிலும் மதுக்கடையின் பின்கட்டிலும் மட்டும் இல்லை. அது நம் பிள்ளைகளின் சட்டைப்பைக்குள் கைப்பேசியாய்க் குடியேறிவிட்டது. ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வரும் பட்டதாரி இளைஞரும், மாதச் சம்பளக்காரரும், பிள்ளை குட்டிகளைப் பெற்றவரும் அதை ஆடுகின்றனர். "இது சூதல்லவா?" என்று தாய் கேட்டால் உடனே விடை வருகிறது: "இல்லையம்மா, இது கற்றுத் தேர்ச்சி பெற வேண்டிய திறமை விளையாட்டு. சதுரங்கம் போன்றது. படித்தவன் வெல்கிறான், படிக்காதவன் தோற்கிறான்."

சீட்டைத் தொட்டவன் கெட்டான் என்று பீடத்திலிருந்து முழங்குவது இந்த விடையைச் சிறிதும் அசைக்காது. அவர்கள் கற்றவர்கள்; கணக்கோடு பேசுகிறார்கள். எனவே நாமும் அவர்களுடைய கணக்கிலிருந்தே தொடங்குவோம். போக்கரில் திறமை உண்டு என்பதை மறுக்கப் போவதில்லை. திறமை உண்டு என்பதாலேயே அது அறத்தின்முன் நிற்க இயலாது போகிறது என்பதே நம் வாதம்.

அவர்கள் கற்பது என்ன?

இன்று பெரிதும் ஆடப்படும் வகையின் பெயர் டெக்சஸ் ஹோல்டம். ஒவ்வொருவருக்கும் இரு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். அனைவருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் படிப்படியாகத் திறந்து வைக்கப்படும். இடையிடையே நான்கு முறை பந்தயம் கட்டலாம். 52 சீட்டுகளிலிருந்து ஒருவர் கைக்கு வரக்கூடிய இரட்டைகள் 1,326. முறையாகக் கற்பவர் முதலில் கற்பது, அவற்றுள் எவற்றை ஆடாமல் மடக்கிப் போடுவது என்பதைத்தான். பொறுமையே முதற்பாடம். கடைசியாகப் பேசும் இருக்கையில் இருப்பவருக்குப் பிறர் செய்ததைப் பார்த்தபின் முடிவெடுக்கும் வசதி உண்டு என்பது இரண்டாம் பாடம்.

அடுத்தது கணக்கு. நடுவில் 100 ரூபாய் இருக்கிறது. எதிராளி 50 ரூபாய் பந்தயம் கட்டுகிறார். நாம் 50 போட்டால் 150 கிடைக்கக்கூடும். ஆகவே நான்கில் ஒரு முறையாவது வெல்லும் வாய்ப்பு இருந்தால்தான் போடலாம். ஒரே இனச் சீட்டு ஐந்து சேர இன்னும் ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காணாத 47 சீட்டுகளில் நமக்கு உதவுபவை 9. அடுத்த சீட்டிலேயே அது வருவதற்கான வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. இரண்டு சீட்டுகள் திறக்க இருந்தால் ஏறக்குறைய 35 விழுக்காடு. கற்றவர் இதை நொடியில் எண்ணிவிடுவார். கல்லாதவர் 'மனசு சொல்கிறது' என்று பணத்தை வைப்பார்.

இதற்கும் மேலே உண்டு. எதிராளியின் கையில் இன்ன சீட்டுதான் என்று ஊகிக்காமல், அவர் அப்படி ஆடுவதற்கு இடமளிக்கும் எல்லாக் கைகளையும் ஒருசேர எண்ணிப் பார்க்க வேண்டும். ஆட்டம் முடிந்தபின் தாம் ஆடியதைக் குறித்து வைத்துக் குளிர்ந்த மனத்தோடு திரும்பப் பார்க்க வேண்டும். வென்ற ஆட்டத்தையும் விட்டுவிடாமல், முடிவைப் பார்க்காது முடிவெடுத்த முறையைப் பார்க்க வேண்டும். ஒரு மாத வெற்றி எதையும் மெய்ப்பிக்காது என்று அறிய வேண்டும். சினம் தலைக்கேறினால் எழுந்துவிட வேண்டும். புனித இஞ்ஞாசியார் கற்பித்த ஆன்மசோதனையை நினைவூட்டும் ஒழுங்கு இது என்றால் மிகையாகாது.

இதற்குப் பின்னால் பெரும் அறிவு மரபும் இருக்கிறது. பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்று 1654ஆம் ஆண்டு பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட மடல்களிலிருந்தே நிகழ்தகவு என்னும் கணிதத் துறை வளர்ந்தது. 1944இல் ஃபான் நாய்மனும் மார்கென்ஸ்டெர்னும் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கர் ஆட்டத்தின் பொய்ப்பந்தயமே ஆய்வுப் பொருளாயிற்று. 2017இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல் 1,20,000 ஆட்டங்களில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. குருட்டு அதிர்ஷ்டமே ஆளும் இடத்தில் இது நிகழ இயலாது. ஆகவே திறமை உண்டு, ஒப்புக்கொள்கிறோம்.

சொல்லாமல் விடப்படும் பாடம்

ஆனால் இப்பாடங்கள் அனைத்தையும்விடக் காசு தரும் பாடம் இன்னொன்று உண்டு என்று அத்துறையின் ஆசான்களே எழுதுகின்றனர். அது மேசையைத் தெரிந்தெடுக்கும் பாடம். தம்மினும் வல்லவர் அமர்ந்திருக்கும் மேசையை விட்டு எழுந்து, தம்மினும் எளியவர் அமர்ந்திருக்கும் மேசையைத் தேடிப் போக வேண்டும். அந்த எளியவருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மீன்'. மனிதரைப் பிடிப்பவராக்குவேன் என்று கலிலேயக் கடலோரம் அழைக்கப்பட்ட சீடரின் வழிவந்த நம் செவிகளில் இச்சொல் எப்படி ஒலிக்க வேண்டும்! அவர்கள் பிடித்தது வாழ்வு தருவதற்காக. இவர்கள் பிடிப்பது செதில் உரிப்பதற்காக. திருவள்ளுவரும் 'சூது' என்னும் அதிகாரத்தில் சூதாடி பெறும் வெற்றியையே மீன் விழுங்கும் தூண்டில் இரைக்கு ஒப்பிட்டார் என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

ஏன் மீனைத் தேட வேண்டும்? ஏனெனில் போக்கர் எதையும் விளைவிப்பதில்லை. தச்சர் திறமை பெற்றால் ஊருக்கு நல்ல கதவு கிடைக்கிறது. மருத்துவர் திறமை பெற்றால் நோயாளி பிழைக்கிறார். சதுரங்க வீரர் திறமை பெற்றாலும் தோற்றவரின் வீட்டு அரிசிப் பானை குறைவதில்லை. போக்கரிலோ மேசைக்கு வந்த பணம் மட்டுமே உண்டு. அதுவும் குறைந்துகொண்டே போகும். ஆறுபேர் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் அமர்கிறார்கள் என்று கொள்வோம். ஆட்டத்துக்குச் சராசரியாக 200 ரூபாய் நடுவில் சேர, அதில் நூற்றுக்கு ஐந்து நடத்துபவர் எடுத்துக்கொண்டால், நூறு ஆட்டங்களில் 1,000 ரூபாய் அவரைச் சேர்ந்துவிடும். 6,000 ரூபாயுடன் அமர்ந்தவர்களிடம் இப்போது இருப்பது 5,000. அறுவரும் சமமான திறமையுடையவராயின் அறுவரும் தோற்கின்றனர். யாரேனும் வெல்ல வேண்டுமானால், தன் பங்கைவிட மிகுதியாகத் தோற்கும் ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும்.

அவர் யார்? இரவு வேலை முடிந்து களைத்து வந்தவர். நேற்று இழந்ததை இன்று மீட்டுவிடலாம் என்று நம்புபவர். தங்கையின் திருமணத்துக்கு வைத்திருந்ததைத் தொட்டுவிட்டவர். கற்றவரின் வருமானம் இவருடைய தவறுகளின் கூட்டுத்தொகை. போக்கர் நூலாசிரியர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி வகுத்த அடிப்படைத் தேற்றமும் இதைத்தான் சொல்கிறது: எதிராளியின் சீட்டுகளைக் கண்டிருந்தால் ஆடியிருக்கக்கூடிய முறையிலிருந்து ஒருவர் விலகும்போதெல்லாம் மற்றவருக்கு ஆதாயம்.

நீதிமன்றக் கேள்வியும் மனச்சான்றின் கேள்வியும்

நம் நாட்டுச் சட்டம் நெடுங்காலமாகக் கேட்டு வந்த கேள்வி, இவ்வாட்டத்தில் மேலோங்கி நிற்பது திறமையா, தற்செயலா என்பது. 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மி பெரிதும் திறமை ஆட்டமே என்றது. தமிழ்நாடு 2022இல் இயற்றிய இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை 2023 நவம்பரில் ஆய்ந்த சென்னை உயர் நீதிமன்றமும், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று கூறி அவற்றை அத்தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமே அக்கேள்வியை ஒதுக்கிவைத்து, திறமையாயினும் தற்செயலாயினும் இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடைசெய்ய முற்பட்டது. அதை எதிர்த்தும் வழக்குகள் தொடுக்கப்பட்டன.

திருச்சபையின் அறநெறி இறையியலோ தொடக்கத்திலிருந்தே வேறு கேள்விகளைக் கேட்டு வந்திருக்கிறது. பந்தயம் தன்னிலேயே நீதிக்கு முரணானதன்று. ஆனால் ஒருவர் தம் தேவைக்கும் பிறர் தேவைக்கும் உரியதை அது பறிக்கும்போது அறநெறிக்கு ஒவ்வாததாகிறது என்று மறைக்கல்வி ஏட்டின் 2413ஆம் எண் கற்பிக்கிறது. பழைய அறநெறி நூல்கள் நான்கு நிபந்தனைகளை வைத்தன: கட்டும் பணம் கட்டுபவருக்கே உரியதாய் இருக்க வேண்டும், அவர் முழு உரிமையோடு ஆட வேண்டும், வஞ்சகம் கூடாது, ஆடுவோரிடையே ஓரளவேனும் சமநிலை இருக்க வேண்டும்.

இந்த நான்காவது நிபந்தனையைக் கூர்ந்து நோக்க வேண்டும். "இது திறமை விளையாட்டு, கற்றவர் கல்லாதவரை நிச்சயம் வெல்வார்" என்று வழக்குமன்றத்தில் மார்தட்டும் வாதம், அறநெறியின் மன்றத்தில் தனக்கெதிராகத் தானே கூறும் சாட்சியாகிவிடுகிறது. வெற்றி நிச்சயம் என்றால் சமநிலை எங்கே? சமநிலை இல்லை என்று நன்கறிந்தும் அதை மறைத்து எளியவரோடு பந்தயம் கட்டுவது என்ன பெயர் பெறும்? தன் பொருளைக் கையாளும் உரிமை இல்லாதவரிடமிருந்து வென்றதும், பிறரைப் பேராசையால் சூதுக்கு இழுத்து வென்றதும், வஞ்சித்து வென்றதும் திருப்பித் தரப்பட வேண்டியவை என்று புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் எழுதியிருக்கிறார். ஈடு செய்தல் என்னும் அக்கடமையை நம் இளைஞருள் எத்தனைபேர் கேள்வியுற்றிருக்கின்றனர்?

மறுப்புகள் சில

"தோற்பவர் விரும்பித்தானே வருகிறார்?" என்பர். விரும்பி வருகிறார் என்பது உண்மை, தெரிந்து வருகிறாரா? தம்மை மீன் என்று குறித்துக்கொண்டு ஒருவர் எதிரே அமர்ந்திருப்பது அவருக்குத் தெரியுமா? இழந்ததைத் துரத்தும் வெறி பற்றிக்கொண்டபின் அவரிடம் எஞ்சியிருப்பது விருப்பமா, விலங்கா?

"வணிகத்திலும் ஒருவர் இலாபம் அடைகிறாரே?" என்பர். நேர்மையான வணிகத்தில் துணி வாங்கியவர் துணியோடு வீடு திரும்புகிறார். போக்கர் மேசையிலிருந்து தோற்றவர் எதை எடுத்துச் செல்கிறார்?

தாலந்து உவமையையும் சிலர் துணைக்கு அழைக்கின்றனர். ஐந்து தாலந்து பெற்ற ஊழியர் வாணிகம் செய்து மேலும் ஐந்து ஈட்டினார் என்றுதான் மத்தேயு எழுதுகிறார். ஒரு தாலந்து பெற்ற உடன் ஊழியரை விளையாட்டுக்கு அழைத்து அதைப் பறித்துக்கொண்டார் என்று எழுதவில்லை.

"திருவிழாவில் பங்கே பரிசுச்சீட்டு விற்கிறதே?" என்ற கேள்வி கூர்மையானது, கேட்பதற்கு உரிமையும் உண்டு. அங்கே சீட்டின் விலை சிறியது. வாய்ப்பு அனைவருக்கும் சமம். பணம் போகுமிடம் வெளிப்படை. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அதை நிறுத்திவிடுவதே பங்குப் பேரவைக்கு அழகு.

கொடுத்தால் அழியும் கல்வி

கல்வி கொடுக்கக் குறையாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. போக்கர்க் கல்வியை இந்த உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். எதிரே அமர்ந்திருப்பவருக்கு நீங்கள் அறிந்த கணக்கையெல்லாம் கற்பித்துவிட்டால் உங்கள் வருமானம் அன்றோடு முடிந்தது. அயலாரின் அறியாமை நீடிக்க வேண்டும் என்று நாள்தோறும் விரும்பச் செய்யும் ஒரு கல்வி, அயலாரை அன்பு செய் என்னும் கட்டளையோடு ஒரே நெஞ்சில் எப்படிக் குடியிருக்கும்?

விளையாட்டையே வேண்டாம் என்கிறோமா? இல்லை. உள்ளம் இளைப்பாற விளையாட்டுத் தேவை என்று அதே தோமா அக்குவினா கற்பித்தார். புளியங்கொட்டையை வைத்து ஆடுங்கள். புள்ளிகளை எண்ணி ஆடுங்கள். பொறுமையும் கணக்கும் அப்போதும் பயன்படும். பணம் இல்லாவிட்டால் சுவை இல்லை என்று தோன்றுமானால், ஆடுபவரை இழுத்தது திறமையன்று என்பது அப்போதே புலப்பட்டுவிடும்.

பெற்றோருக்கு ஒரு சொல். கத்த வேண்டாம், கணக்கைக் கேளுங்கள். மெய்யாகக் கற்பவர் ஒவ்வொரு நாளும் போட்டதையும் எடுத்ததையும் எழுதி வைத்திருப்பார். எழுதி வைக்காதவர் கற்பவரல்லர், அவரே மீன். எழுதி வைத்து இலாபமும் காட்டுபவரிடம் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: இது யாருடைய வீட்டுப் பணம்?

ஏற்கெனவே கடனில் மூழ்கியவரைப் பார்த்து முகம் திருப்பிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. போர்வீரராயிருந்த புனித கமில்லஸ் சூதில் சட்டை முதற்கொண்டு அனைத்தையும் இழந்தார். கப்புச்சின் துறவியரின் கட்டட வேலையில் கூலியாளாய் நின்றார். 1575இல் மனம் திரும்பினார். பின்னர் நோயாளருக்குப் பணிபுரியும் சபையை நிறுவி, இன்று மருத்துவமனைகளுக்கும் நோயுற்றோருக்கும் பாதுகாவலராய் விளங்குகிறார். சூதாடியை வெறுக்காத துறவியர் சிலர் அன்று அவருக்கு வேலை கொடுத்தனர் என்பதை மறந்துவிடக் கூடாது. நம் அன்பியங்களில் அப்படிப்பட்ட ஒருவர் கடனைச் சொல்லி அழுதால், அறிவுரைக்கு முன் அவருடைய கடன் பட்டியலை உடனிருந்து எழுதித் தீர்க்க வழிகாண இருவரேனும் முன்வர வேண்டும்.

சட்டம் செயலிகளை மூடலாம். 'திறமை' என்னும் சொல்லை மூட அதனால் இயலாது. அச்சொல்லின் பின்னே தோற்றவர் ஒருவர் இருக்கிறார் என்பதை வீட்டிலும் மறைக்கல்வி வகுப்பிலும் எடுத்துரைப்பது நம் பொறுப்பு.