வென்றவனைக் கண்டு வியர்க்கும் விடுதிகள்

தஸ்தயேவ்ஸ்கியின் 'சூதாடி' நாவலை வாசித்தவர்கள் பெரும்பாலும் நினைவில் வைத்திருப்பது பாட்டியைத்தான். நாற்காலியோடு தூக்கிவரப்பட்டு, ரூலெட் மேஜையின் முன் அமர்ந்து, பூஜ்யத்தின் மீது பிடிவாதமாகப் பணம் கட்டுகிற அந்தக் கிழவியை மறப்பது கடினம். ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது நாவலின் பிற்பகுதியில் வரும் ஒரு சிறு தகவல். அலெக்ஸெய் வெறி பிடித்தவனைப்போல் வென்று குவிக்கும் இரவில், ஒரு மேஜை கொடுக்கக்கூடிய தொகை தீர்ந்துவிடுகிறது. மறுநாள் வரை அந்த மேஜை மூடப்படுகிறது. அவன் எழுந்து அடுத்த மேஜைக்குப் போகிறான். விடுதிக்காரர்கள் யாரும் அவன் தோளைத் தொடவில்லை, சக்கரத்தை மாற்றவில்லை, சுழற்றுபவனை அனுப்பிவிட்டு வேறொருவனைக் கொண்டுவரவில்லை. பணம் தீர்ந்தது, மூடினார்கள். (பதிப்பாளரிடம் எழுதிக்கொடுத்த கொடுமையான ஒப்பந்தத்தின் கெடு நெருங்கிவிட்டதால் 1866இல் 26 நாட்களில் வாய்மொழியாகச் சொல்லி எழுதுவிக்கப்பட்ட நாவல் அது. அதை எழுதுவித்தவரும் மேஜையில் தோற்றவர் என்பதை மறந்துவிடக் கூடாது.)

மாண்டி கார்லோவில் இதை ஒரு சடங்காகவே ஆக்கிவிட்டார்கள். மேஜையின் கையிருப்பு தீர்ந்தால் அதன்மேல் கறுப்புத் துணி விரிக்கப்படும். பெட்டகத்திலிருந்து பணம் வரும்வரை ஆட்டம் நிற்கும். கூட்டம் கைதட்டும். அடுத்த நாள் கூட்டம் இரண்டு மடங்காகும். வென்றவனைவிட அந்தத் துணியால் விடுதிக்குத்தான் லாபம்.

இன்றைய அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில், அதிலும் சிறியவற்றில், காட்சி வேறு. அங்கே ஆட்டக்காரர்களின் பேச்சுவழக்கில் ஒரு தொடர் உண்டு: 'பணத்துக்காக வியர்ப்பது'. வியர்ப்பது ஆட்டக்காரன் அல்ல, விடுதி. பிளாக்ஜாக் மேஜையில் யாராவது ஒருவன் நான்கைந்து கைகள் தொடர்ந்து வென்றுவிட்டால் போதும், மேற்பார்வையாளர் மெல்ல வந்து பின்னால் நிற்பார். பாதிக் கட்டு மிச்சமிருக்கும்போதே சீட்டைக் கலைக்கச் சொல்வார். பிறகு சீட்டுக்கட்டையே மாற்றுவார். கிராப்ஸ் மேஜையானால் பகடையை எடுத்து விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதற்கும் பலனில்லையென்றால் டீலரை மாற்றுவார். இதில் வேடிக்கை என்னவென்றால், சூதாடிகளுக்கே உரியது என்று நாம் கருதும் மூடநம்பிக்கை இங்கே மேஜையின் மறுபக்கத்தில் இருக்கிறது. அதிர்ஷ்டத்தை நம்பாமல் கணக்கை நம்பித் தொழில் செய்ய வேண்டியவர், 'இந்த டீலருக்கு இன்றைக்கு ராசியில்லை' என்று நினைக்கிறார்.

கணக்கு என்ன சொல்கிறது? அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 குழிகள். சிவப்பு 18, கறுப்பு 18, பச்சை 2. அந்த இரண்டு பச்சைகளால் கட்டப்படும் ஒவ்வொரு 100 டாலருக்கும் சராசரியாக 5.26 டாலர் விடுதிக்குப் போகிறது. ஒருவன் சிவப்பின் மீது ஒவ்வொரு டாலராக நூறு சுற்றுகள் கட்டினால், அவன் லாபத்தோடு எழுந்துபோகும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. அதாவது நால்வர் ஆடினால் ஒருவர் சிரித்துக்கொண்டு போவதுதான் இயல்பு. அவனே பத்தாயிரம் சுற்றுகள் ஆடினால் லாபத்தோடு எழும் வாய்ப்பு நடைமுறையில் இல்லை. நூறு மேஜைகள் வைத்திருக்கும் பெரிய விடுதிக்கு இந்தப் பத்தாயிரம் சுற்றுகள் சில மணி நேரத்தில் வந்துவிடும். அங்கே ஒருவனது அதிர்ஷ்டம் கடலில் பெய்த மழை. நான்கு மேஜை விடுதிக்கு அப்படியல்ல. செவ்வாய்க்கிழமை இரவு ஒருவன் இருபதாயிரம் டாலரோடு போய்விட்டால் அது அந்த வாரக் கணக்கில் ஓட்டையாகத் தெரியும், மாத இறுதியில் மேலாளர் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும். பெருந்தொகை வென்றவன் திரும்பி வருவான், கொண்டுபோனதைத் தருவான் என்பது உண்மைதான். ஆனால் அவன் அடுத்த மாதம் வருவான், கணக்கு இந்த மாதம் முடிகிறது.

ஆகவே அந்தப் பதற்றத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. நியாயப்படுத்தத்தான் முடியவில்லை. மேஜைக்கு உச்சவரம்பு வைக்கும் அதிகாரம் விடுதியிடம்தான் இருக்கிறது. தாங்க முடியாத பந்தயத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. தெற்கு டகோட்டாவின் டெட்வுட் நகரில் 1989இல் சூதாட்டம் சட்டபூர்வமானபோது ஒரு பந்தயத்தின் உச்சவரம்பு 5 டாலர். 2000இல்தான் அது 100 ஆயிற்று, 2012இல் 1000. ஐந்து டாலர் வரம்பில் எவனுடைய அதிர்ஷ்டமும் எந்த விடுதியையும் சாய்த்துவிடாது. பெரிய பந்தயக்காரர்களின் தோல்வி வேண்டும் என்று வரம்பை உயர்த்திவிட்டு, அவர்களில் ஒருவர் வென்றதும் கைகளைப் பிசைவது வியாபாரமாகாது.

எண்ணத் தெரிந்த ஆட்டக்காரர்களின் கதை வேறு என்று சொல்லப்படும். எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர், வெளியேறிய சீட்டுகளை நினைவில் வைத்துப் பந்தயத்தைக் கூட்டிக் குறைத்தால் பிளாக்ஜாக்கில் ஆட்டக்காரனே மேல்கை பெறலாம் என்று நிறுவினார். 1961இல் பணக்காரர்கள் இருவர் கொடுத்த பத்தாயிரம் டாலரோடு நெவாடா சென்று, சில நாட்களில் அதை இரட்டிப்பாக்கிக் காட்டினார். 1962இல் புத்தகம் வந்தது. பதறிப்போன லாஸ் வேகஸ் விடுதிகள் 1964 ஏப்ரலில் ஆட்டவிதிகளை இறுக்கின. ஏஸ் ஜோடியைப் பிரித்தாடுவதற்கும் பந்தயத்தை இரட்டிப்பாக்குவதற்கும் கட்டுப்பாடுகள் வந்தன. விளைவு? எண்ணத் தெரியாத பெருங்கூட்டம் மேஜைகளை விட்டு விலகியது. சில வாரங்களில் பழைய விதிகளே திரும்பின. தார்ப்பின் புத்தகத்தை வாங்கியவர்களில் பெரும்பாலோர் அரைகுறையாகப் படித்துவிட்டு வந்து தோற்றார்கள். அந்தப் புத்தகத்தால் மிகுந்த லாபம் அடைந்தவை விடுதிகளே.

எண்ணுவது குற்றமா என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. மகாபாரதத்தின் நளன் கதையில் இருதுபன்னன் தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் எண்ணாமலே எண்ணிச் சொல்கிறான். சூதின் ரகசியமும் எண்ணிக்கையின் ரகசியமும் ஒன்றே என்பதுபோல அந்த வித்தையை நளனுக்குக் கற்பிக்கிறான். அதைக் கற்ற பிறகுதான் நளன் இழந்த நாட்டை மீண்டும் ஆடி வெல்கிறான். இன்றைய நெவாடாவில் நளன் அமர்ந்திருந்தால் மூன்றாவது கையிலேயே வாசலைக் காட்டியிருப்பார்கள். அங்கே விடுதி தனியார் இடம், வேண்டாதவரை வெளியேற்றலாம். நியூஜெர்ஸியில் மட்டும் கென் அஸ்டன் என்ற ஆட்டக்காரர் வழக்காடி, சீட்டு எண்ணுபவர்களை விடுதிகள் தம் விருப்பப்படி விலக்கக் கூடாது என்று 1982இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றார். விடுதிகள் உடனே கட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டின, நினைத்தபோது கலைத்தன.

சிறிய விடுதியின் சிக்கல் இதனினும் கீழானது. திறமையையும் அதிர்ஷ்டத்தையும் வேறுபடுத்திப் பார்க்கக்கூட அதற்குத் தெரியாது. எண்ணத் தெரிந்தவனுக்குக் கிடைக்கும் சாதகம் ஏறக்குறைய ஒரு சதவீதம். அவன் தோற்கிற இரவுகளும் ஏராளம். தோற்கும் எண்ணாளனை உபசரித்து, வெல்லும் அப்பாவியை விரட்டுகிறார்கள். அந்த அப்பாவியோ, விட்டிருந்தால் விடியற்காலைக்குள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்திருப்பவன்.

பிரான்சுவா பிளாங்க் 1843இல் ஹோம்பர்கில் செய்தது நேர் எதிரானது. இரண்டு பூஜ்யங்களில் ஒன்றை எடுத்துவிட்டார். விடுதியின் பங்கு 2.70 சதவீதமாக, ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். குறைந்த பங்கிலேயே பெரும் செல்வந்தரானார். பின்னாளில் மாண்டி கார்லோவை நிலைநிறுத்தியவரும் அவரே.

துணிச்சலுக்கு ஒரு எல்லை உண்டு என்பதையும் சொல்லவேண்டும். 2011 ஏப்ரலில் அட்லாண்டிக் சிட்டியின் டிராபிகானாவில் டான் ஜான்சன் என்பவர் பிளாக்ஜாக்கில் ஒரே இரவில் ஏறத்தாழ 58 லட்சம் டாலர் வென்றார். அவர் சீட்டு எண்ணவில்லை. தொழில் நலிந்த நேரத்தில் பெரிய ஆட்டக்காரரை இழுக்கும் ஆவலில், இழப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்ய விடுதிகள் தாமே ஒப்புக்கொண்டிருந்தன. கணக்கு அவர் பக்கம் சாய்ந்ததைக் கவனிக்கவில்லை. விதிகளைப் பேசும்போது வியர்த்திருக்க வேண்டியவர்கள் ஆட்டத்தின்போது வியர்த்தார்கள்.

வியர்க்காத விடுதி கருணையுள்ள விடுதி என்றும் நான் சொல்ல வரவில்லை. 1980இல் வேகஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூவுக்கு வில்லியம் லீ பெர்க்ஸ்ட்ரம் 7,77,000 டாலரைப் பெட்டியில் கொண்டுவந்து ஒரே கிராப்ஸ் பந்தயத்தில் கட்டினார். வென்றார். முணுமுணுப்பில்லாமல் எண்ணிக் கொடுத்தார்கள். 1984இல் பத்து லட்சம் டாலரோடு வந்தார். அதையும் முணுமுணுப்பில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். சில மாதங்களில் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவரது துயரங்கள் பணத்தோடு முடிபவை அல்ல. ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது: வெல்பவனின் பின்னால் வந்து நிற்கிற அந்த மேற்பார்வையாளர், தோற்றுக்கொண்டே இருப்பவனின் பின்னால் என்றைக்காவது வந்து நிற்கிறாரா? 'இன்றைக்குப் போதும், எழுந்திருங்கள்' என்று சொல்கிற அதிகாரமும் அவரிடம்தானே இருக்கிறது?

எனக்கு இதில் மிகவும் உறுத்துவது டீலரின் நிலை. அமெரிக்க டீலர்கள் சொற்பச் சம்பளக்காரர்கள். வருமானத்தின் பெரும்பகுதி ஆட்டக்காரர் தரும் சன்மானம். அதைத் தருபவன் பெரும்பாலும் வென்றவன்தான். மேற்பார்வையாளர் வியர்க்கத் தொடங்கியதும் முதலில் மேஜையை விட்டு எழுப்பப்படுவது அவர்தான். சீட்டை அவர் எழுதவில்லை, கலைத்துப் போட்டார், அவ்வளவே. இருந்தும் 'இன்றைக்கு எவ்வளவு விட்டாய்?' என்று அவரைத்தான் கேட்கிறார்கள். மேஜையில் ஒருவன் வெல்ல வெல்ல அவருக்குச் சன்மானம் கூடுகிறது, வேலைக்கு ஆபத்தும் கூடுகிறது. எழும்போது இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மேலே இருக்கும் காமிராவுக்குக் காட்டிவிட்டு, தன் பணம் எதுவும் இல்லாத அந்த மேஜையிலிருந்து நகர்கிறார்.